படகுச் சுவருக்குள் புகும் தண்ணீர்: கோர் வைத்த ஃபைபர் படகுகளைப் புரிந்துகொள்ள

ஃபைபர் படகு மக்காது, துருப்பிடிக்காது, உளுத்துப்போகாது என்றுதான் பெரும்பாலும் நம்புகிறோம். கண்ணாடி இழையையும், அதைப் பிணைத்து இறுகும் ரெசின் என்ற பிசினையும் மட்டும் வைத்துப் பார்த்தால் அது சரிதான். ஆனால் அமெரிக்காவில் பழைய மோட்டார் படகு வாங்கப் போனவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். புளோரிடாவிலோ நியூ ஜெர்சியிலோ வெளியே பளபளவென்று நிற்கும் ஒரு பழைய படகை, வாங்குமுன் அதன் நிலையைச் சோதிக்கும் சர்வேயர் தட்டிப் பார்த்துவிட்டு, "அடிப்பகுதியில் கோர் ஈரமாக இருக்கிறது" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினால் போதும், பேரம் அங்கேயே நின்றுவிடும். அந்தக் கோர் என்றால் என்ன, அதை ஏன் வைக்கிறார்கள், சுவருக்கு நடுவில் இருக்கும் அதற்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் சாதாரண ஃபைபர் படகு. ஒரு அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் அடிப்பார்கள். வெளியே தெரியும் வழவழப்பான நிறப்பூச்சு அதுதான். அதன்மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினை ஊற்றி, உருளையால் உருட்டி, அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். ரெசின் இறுகியதும் அச்சிலிருந்து உருவினால் படகு உடல் தயார். இது ஒற்றைச் சுவர். தமிழ்நாட்டுக் கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு பெருகிய மீன்பிடி ஃபைபர் படகுகள் பெரும்பாலும் இந்த வகை. 1960இல் ஹாட்டெராஸ் என்ற நிறுவனம் வட கரோலினாவின் ஹை பாயின்ட் ஊரில் 41 அடி நீள ஃபைபர் மோட்டார் படகைக் கட்டி இறக்கியது. ஹை பாயின்ட் கடற்கரை ஊரே இல்லை, மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போன உள்நாட்டு ஊர். அந்தக் காலத்துக் கட்டுநர்களுக்கு ஃபைபர் புதுப் பொருள். எவ்வளவு தடிமன் போதும் என்ற அனுபவம் இல்லாததால், தாராளமாகவே அடுக்கினார்கள். அந்தப் படகுகளில் பல இன்றும் ஓடுகின்றன.

ஆனால் தடித்த ஒற்றைச் சுவரின் விலை எடை. எடை கூடினால் பெரிய எஞ்சின் வேண்டும், எரிபொருள் கூடும், வேகம் குறையும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருள் விலை ஏறியது. பெட்ரோலியத்திலிருந்து பிறக்கும் ரெசினின் விலையும் சேர்ந்து ஏறியது. குறைந்த ரெசினில் விறைப்பான சுவர் கட்ட வழி தேட வேண்டிய கட்டாயம் வந்தது.

வழி ஏற்கெனவே விமானத் தொழிலில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டனின் மஸ்கிட்டோ விமானத்தின் உடல், மெல்லிய ஒட்டுப்பலகைகள் இரண்டுக்கு நடுவே பால்சா என்ற மிக லேசான மரம் வைத்துச் செய்தது. அதே முறைதான் படகுக்கு வந்தது: வெளியே ஒரு மெல்லிய ஃபைபர் தோல், உள்ளே ஒரு மெல்லிய ஃபைபர் தோல், நடுவில் எடையே இல்லாத ஒரு பொருள். அந்த நடுப்பொருளைத்தான் கோர் என்கிறார்கள். மொத்தச் சுவருக்கும் சாண்ட்விச் கட்டுமானம் என்று பெயர்.

இது ஏன் வேலை செய்கிறது? ஒரு பலகையை வளைக்கும்போது ஒரு முகம் இழுபடுகிறது, எதிர்முகம் நசுங்குகிறது. நட்டநடுவில் இருக்கும் பொருளுக்கு அவ்வளவாக வேலை இல்லை. ஆகவே பலமான பொருளை இரண்டு முகத்திலும் வைத்து, இடைவெளியைக் கூட்டினால் விறைப்பு வேகமாக ஏறும். சாமான் வரும் அட்டைப்பெட்டியின் சுவர் இப்படித்தான்: இரண்டு காகிதம், நடுவில் நெளிந்த காகிதம்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 3 மில்லிமீட்டர் தோல் இரண்டு, நடுவில் 20 மில்லிமீட்டர் பால்சா என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு ஃபைபர் 10 கிலோ, பால்சா 3 கிலோ, மொத்தம் சுமார் 13 கிலோ. இதே விறைப்பை ஒற்றைச் சுவரில் கொண்டுவர வேண்டுமானால் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். அதன் எடை 34 கிலோவுக்கு வந்துவிடும். 20 சதுர மீட்டர் பரப்புக்கு 400 கிலோவுக்கு மேல் மிச்சம். ஏட்டுக் கணக்கு இது. ஒட்டும் பசையின் எடை, கோரின் நெகிழ்வு எல்லாம் சேர்த்தால் கொஞ்சம் குறையும். இருந்தாலும் படகு கட்டுகிறவர் ஏன் இதை விடமாட்டார் என்று புரிகிறது, இல்லையா?

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். கோரிலிருந்து தோல்கள் இரண்டும் பிரிந்துவிட்டன, தனித்தனியே நிற்கின்றன என்று வைத்துக்கொண்டால், இரண்டு 3 மில்லிமீட்டர் தகடுகளின் விறைப்புதான் மிஞ்சும். அது முழுச் சுவரின் விறைப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சாண்ட்விச் சுவரின் பலம் முழுவதும் ஒட்டில் இருக்கிறது. தண்ணீர் கெடுப்பதும் அந்த ஒட்டைத்தான். மரம் மக்குவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஒட்டு விடுவதைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை.

கோருக்கு என்ன வைக்கிறார்கள்

பால்சா முதலிடம். பெரும்பாலும் ஈக்வடாரில் விளைவது. நம் இலவ மரத்துக்கு உறவு, மிக வேகமாக வளரும். மரத்தைக் குறுக்கே அறுத்து, நார்கள் தோலுக்குச் செங்குத்தாக நிற்கும்படி சிறு கட்டைகளாக்கி வைப்பார்கள். அப்படி வைத்தால் நசுங்காது. படகின் வளைவுக்கு ஏற்ப மடங்க வேண்டும் என்பதற்காக, கட்டைகளை ஒரு மெல்லிய வலைத்துணியில் ஒட்டி, இடையில் கீறல் விட்ட பாய்களாக விற்கிறார்கள். அந்தக் கீறல்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்தது ஃபோம். பிவிசி ஃபோம், சான் ஃபோம், பாலியூரித்தேன் ஃபோம் என்று வகைகள் உண்டு. டிவினிசெல், ஏரெக்ஸ், கோர்செல் என்பவை படகுப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். அடைபட்ட குமிழ்களால் ஆன நல்ல ஃபோம் தண்ணீரை எளிதில் குடிக்காது, மக்கவும் மக்காது. மேல்தட்டிலும், எஞ்சினைத் தாங்கும் ட்ரான்சம் என்ற பின்சுவரிலும் ஒட்டுப்பலகை வைப்பது பழைய வழக்கம்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது

ஃபைபர் தோலில் ஊடுருவித்தான் தண்ணீர் உள்ளே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாலியெஸ்டர் ரெசின் வழியாக ஈரம் கொஞ்சம் கசியும், உண்மைதான். ஆனால் கோர் ஊறிப்போன படகுகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: யாரோ துளை போட்டிருக்கிறார்கள், துளையின் ஓரத்தை அடைக்கவில்லை.

ஒரு மோட்டார் படகின் நீர்மட்டத்துக்குக் கீழே எத்தனை துளைகள் என்று எண்ணிப் பாருங்கள். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் எடுக்கும் துளை, கழிப்பறைக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, ஆழம் காட்டும் கருவிக்கு ஒன்று, பின்னால் படகின் சாய்வைச் சரிசெய்யும் ட்ரிம் டேப் தகடுகளுக்குத் திருகுகள், நீந்தி ஏறும் மேடையின் தாங்கிகளுக்கு போல்ட்டுகள். ஒவ்வொன்றும் இரண்டு தோலையும் நடுவிலுள்ள கோரையும் கடந்து போகிறது. பட்டறையில் அவசரத்தில் துளை போட்டு, சுற்றி சீலன்ட் என்ற அடைப்புப் பசையைப் பூசி, துளையில் மாட்டும் பொருத்தியை முறுக்கிவிட்டால் அன்றைக்கு ஒழுகாது. சீலன்ட்டுக்கு வயசாகும். எஞ்சின் அதிர்வில் பொருத்தி நுணுக்கமாக அசையும். சீலன்ட் ஓரத்தில் முடியளவு விரிசல் விழும். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் தண்ணீர் ஒரு டன் பாரத்தோடு அழுத்துகிறது. படகு கட்டிக் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த அழுத்தம் விரிசலைத் தேடிக்கொண்டே இருக்கும். படகுக்குள் ஒரு சொட்டுகூட வராது, ஏனென்றால் தண்ணீர் உள்தோலைத் தாண்டவில்லை. நடுவில் நின்றுவிட்டது. சொந்தக்காரருக்குத் தெரிய வழியே இல்லை.

உள்ளேயிருந்தும் வருகிறது. இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன், ஏனென்றால் இது நம் கையால் நடப்பது. படகின் அடிவயிற்றில், பில்ஜ் என்ற பள்ளத்தில், எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். அதை இறைக்கும் பம்பை நிறுத்த, நாலு சிறு திருகுகளை உள்தோலில் இறக்குவார்கள். வயர் கிளிப்புக்கு இரண்டு, மிதவை சுவிட்சுக்கு இரண்டு. உள்தோல் 3 மில்லிமீட்டர், திருகு 20 மில்லிமீட்டர். திருகின் முனை நேராகக் கோரில் போய் நிற்கிறது. அந்த இடமோ ஆண்டு முழுவதும் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது. இரண்டு வருடம் கழித்து பம்பை மாற்றும்போது பழைய துளைகளை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதுசாக நாலு போடுவார்கள்.

பில்ஜில் சேர்வது பெரும்பாலும் மழைத் தண்ணீர் என்பது இன்னொரு கெடுதல். உப்பு நீரைவிட நல்ல தண்ணீரில்தான் பூஞ்சை நன்றாக வளரும்.

உள்ளே போன பிறகு

பால்சாவில் நார்கள் ஒரு தோலிலிருந்து மறு தோலுக்கு நிற்பதால், தண்ணீர் அந்தத் திசையில் சட்டென்று ஏறும். பக்கவாட்டில் மெதுவாகத்தான் நகரும். பால்சா விற்பவர்கள் சொல்லும் இந்த வாதம் நேர்மையானதுதான். ஆனால் கீறல்களைச் சொன்னேன் அல்லவா? படகின் வளைவில் பாய் மடங்கும்போது கட்டைகளுக்கு இடையே கீறல்கள் வாய் திறக்கும். அவற்றை ரெசினோ பசையோ முழுக்க நிரப்பியிருந்தால் கவலையில்லை. கையால் அடுக்கிய பழைய படகுகள் பலவற்றில் அவை காலியாகவே இருக்கின்றன. அப்புறம் அது வாய்க்கால் வெட்டிவைத்த வயல் மாதிரி, ஓரிடத்தில் நுழைந்த தண்ணீர் இரண்டு மீட்டர் தள்ளிப் போய் நிற்கும். ஃபோம் வைத்த படகிலும் இதே கீறல்கள்தான், இதே ஓட்டம்தான்.

மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வாலாட்டாது. அதைத் தாண்டி 30 சதவீதத்தை நெருங்கினால், காற்றும் கொஞ்சம் கிடைத்தால், மக்கத் தொடங்கும். பால்சாவின் கனஅளவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வெற்றிடம். சதுர மீட்டருக்கு 3 கிலோ இருந்த கோர் தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரைத் தாங்க முடியும். எடையைக் குறைக்க வைத்த பொருளே எடையாகிவிடுகிறது.

மோட்டார் படகில் இது பாய்மரப் படகைவிட மோசமாவதற்குக் காரணம் வேகம். 25 நாட், அதாவது மணிக்கு 46 கிலோமீட்டரில் அலைமேல் பாயும் படகின் அடிப்பகுதி ஒவ்வொரு அலையிலும் அறை வாங்குகிறது. காய்ந்த கோர் அதைத் தாங்கும். தண்ணீர் நிறைந்த கீறல் அப்படியல்ல. தண்ணீர் சுருங்காது; அறை விழும்போது அழுத்தம் முழுவதையும் பக்கத்தில் உள்ள ஒட்டின் ஓரத்துக்குக் கடத்தும். ஒட்டு ஒரு நூலளவு விடும். அடுத்த அலையில் தண்ணீர் அந்த நூலளவு முன்னே போயிருக்கும். பிரிந்த இடத்தில் தோல் தனியாக அதிர ஆரம்பித்ததும், சுற்றியுள்ள கோரையும் அரைத்துக் கூழாக்கும். ஃபோம் மக்காது என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இதற்கு மக்கல் தேவையே இல்லை. மிச்சிகன், மின்னசோட்டா போன்ற குளிர் மாநிலங்களில் இன்னொன்றும் சேர்கிறது: உள்ளே நின்ற தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து 9 சதவீதம் பருத்து, ஒட்டை நெம்புகிறது.

இதோடு குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படகின் அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வருவது வேறு நோய். அது ஜெல்கோட்டுக்குப் பின்னால் ரெசினுக்கும் ஈரத்துக்கும் நடக்கும் வேதிவினை. ஒற்றைச் சுவர்ப் படகிலும் வரும். பார்க்க அசிங்கமாக இருக்கும், பெரும்பாலும் படகைக் கொல்லாது. கோர் ஈரமோ, வெளியே ஒரு அடையாளமும் காட்டாமலே படகின் விலையைப் பாதியாக்கக்கூடியது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்

தட்டிப் பார்ப்பது முதல் வழி. பிளாஸ்டிக் தலை வைத்த சிறு சுத்தியலால் சர்வேயர் ஒரு கையகலத்துக்கு ஒன்று என்று அடிப்பகுதி முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். ஒட்டு நன்றாக இருக்கும் இடத்தில் "டக்" என்று கறாராகக் கேட்கும். பிரிந்த இடத்தில் "பொத்" என்று உப்பலாகக் கேட்கும். ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்டால் வித்தியாசம் யாருக்கும் பிடிபடும். ஆனால் தட்டல் சொல்வது ஒட்டு விட்டதா என்பதை மட்டுமே. ஈரமாகி இன்னும் பிரியாத கோர் நல்ல ஓசையே தரலாம்.

அதற்கு ஈரமானி. தோலைத் துளைக்காமல் மேலே வைத்தாலே உள்ளே ஈரம் இருப்பதைக் காட்டும். இதை நம்புவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபைபரில் அது காட்டும் எண் மரத்தின் ஈர சதவீதம் கிடையாது. ஓரிடத்தையும் இன்னோரிடத்தையும் ஒப்பிட உதவும் எண் மட்டுமே. பாசி பிடிக்காமலிருக்க அடியில் அடிக்கும் செம்பு கலந்த பெயின்ட் முள்ளை ஏற்றிவிடும். சுவருக்குப் பின்னால் உலோக டேங்க் இருந்தாலும், உள்ளே பில்ஜில் தண்ணீர் நின்றாலும் ஏற்றிவிடும். கடலிலிருந்து தூக்கிய அரைமணியில் வைத்துப் பார்த்தால் படகு முழுவதுமே ஈரம் என்று சொல்லும். துளைகளைச் சுற்றி மட்டும் முள் எகிறி, தள்ளிப் போகப் போக இறங்கினால், அது நம்ப வேண்டிய அடையாளம்.

கடைசி வழி துளைத்துப் பார்ப்பது. சொந்தக்காரர் சம்மதத்தோடு உள்தோலில் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் அறுத்து எடுப்பார்கள். நல்ல பால்சா வெளிர் மஞ்சளாக, நகம் பட்டால் கொஞ்சம் பதியும் அளவு உறுதியாக, தோலோடு ஒட்டியே வரும். கெட்டது பழுப்பாகவோ கறுப்பாகவோ, விரலில் பிசைந்தால் பிழியும் கூழாக, மட்கிய நாற்றத்தோடு வரும். சில படகுகளில் துளைக்கவே தேவையிருக்காது. கரையேற்றி ஒரு வாரமாகியும் ஒரு திருகின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும்.

அமெரிக்காவில் சர்வேயர் தேடுபவர்கள் சாம்ஸ் அல்லது நாம்ஸ் என்ற படகு சர்வேயர் சங்கத்து உறுப்பினராகப் பார்ப்பது வழக்கம். விற்பவர் பரிந்துரைக்கும் ஆளை வைத்துக்கொள்ளாதீர்கள்.

துளையைச் சரியாகப் போடுவது

நல்ல கட்டுநர் துளை வரப்போகும் இடத்தில் கோரையே வைக்கமாட்டார். அங்கே கோரைச் சரிவாக முடித்து, இரண்டு தோலையும் சேர்த்து ஒற்றைச் சுவராகத் தடிமனாக்கிவிடுவார். உள்ளே எட்டிப் பார்த்தால் பொருத்தியைச் சுற்றி ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம் தெரிந்தால் பாதி நிம்மதி. 1990களிலிருந்து பரவிய இன்ஃப்யூஷன் முறையில், எல்லாவற்றையும் காய்ந்த நிலையில் அடுக்கி, பிளாஸ்டிக் உறையால் மூடி, காற்றை உறிஞ்சி ரெசினை இழுக்கவிடுகிறார்கள். ஒழுங்காகச் செய்தால் கீறல்கள் எல்லாம் ரெசினால் நிரம்பிவிடும், தண்ணீர் ஓட வாய்க்கால் இருக்காது. கோர் என்றாலே மோசம் என்று பொதுவாகச் சொல்ல முடியாததற்கு இது முக்கியக் காரணம்.

ஏற்கெனவே கட்டிய படகில் புதுத் துளை போட வேண்டியிருந்தால்: உள்தோலில் தேவையைவிடப் பெரிய வட்டம் அறுத்து, கோரைச் சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சுரண்டி எடுத்து, எப்பாக்ஸி என்ற வலுவான ரெசினைக் கெட்டியாக்கி நிரப்பி, அது இறுகிய பிறகு அதன் நடுவில் உண்மையான துளையைப் போட வேண்டும். அப்போது பொருத்தி கோரைத் தொடாது. என்றைக்காவது சீலன்ட் போனாலும் தண்ணீர் எப்பாக்ஸியில்தான் முட்டும். சிறு திருகுக்கும் இதே முறை: பெரிதாகத் துளைத்து, எப்பாக்ஸி நிரப்பி, இறுகிய பின் சிறிதாகத் துளைப்பது. ஒரு திருகுக்கு ஒரு நாள் காத்திருப்பது அதிகம்போலத் தோன்றும்; செய்யுங்கள்.

ஊறிப்போன கோருக்கு மலிவான மருந்து இல்லை. நிறையத் துளை போட்டு வெப்பக்காற்று விட்டு உலர்த்துவது, ஈரத்தின் மேலேயே எப்பாக்ஸி ஊசி போடுவது என்று இரண்டு வைத்தியங்கள் சொல்வார்கள். முதலாவது சிறு பரப்புக்குச் சில சமயம் பலிக்கும், இரண்டாவது பணத்துக்குக் கேடு. ஒட்டு விட்ட இடத்தில் ஒரு தோலை அறுத்துத் திறந்து, கெட்டதை எல்லாம் சுரண்டி, உலர்த்தி, புதுக் கோர் ஒட்டி, விளிம்புகளைத் தோலின் தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்த்து, மறுபடி ஃபைபர் அடுக்குவதுதான் சரியான வேலை. மேல்தட்டில் இதைப் பொறுமையுள்ள ஒருவர் தானே செய்துகொள்ளலாம். அடிப்பகுதியில் அப்படி முடியாது.

அதனால்தான் என் தேர்வு இடத்துக்கு இடம் மாறும். மேல்தட்டில் கோர் இருக்கட்டும். உயரத்தில் எடை குறைவது படகின் ஆட்டத்துக்கும் நல்லது, காலடியில் மெத்தென்று அமுங்கினால் உடனே தெரிந்துவிடும். பக்கச் சுவரில், நீர்மட்டத்துக்கு மேலே, இருந்தாலும் பரவாயில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே பழைய மோட்டார் படகு என்றால், ஒற்றைச் சுவரையே தேடுவேன். அங்கே கோர் தரும் லாபம் கட்டியவருக்கும் முதல் சொந்தக்காரருக்கும் போகிறது, செலவு மூன்றாவது நான்காவது சொந்தக்காரர் தலையில் விழுகிறது. கோர் வைத்த அடிப்பகுதிதான் பிடித்திருக்கிறது என்றால், சர்வே முடிவைப் பொறுத்தே வாங்குவேன் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். படகைக் கரையேற்றிச் சில நாள் காயவைத்த பிறகே ஈரமானியை வைக்கச் சொல்லுங்கள். படகைக் கரையில் நிறுத்தும் அந்தச் சில நாள் வாடகை உங்கள் கையை விட்டுப் போனாலும் போகட்டும்.

வாங்கிய பிறகு பின்சுவரில் ஆழங்காட்டியின் உணர்கருவியை மாட்ட ஆசை வரும், அடுத்த வருடம் வேறு மாடல் வரும். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. அங்குல அளவு தடித்த ஒரு பிளாஸ்டிக் பலகைத் துண்டை, அந்தப் பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் பசையாகப் பார்த்து, திருகே இல்லாமல் ட்ரான்சத்தில் ஒட்டிவிடுங்கள். கருவியின் திருகுகளைப் பலகையின் தடிமனுக்குள்ளேயே முடியும் நீளத்தில் வாங்குங்கள். எத்தனை தடவை மாற்றினாலும் துளை பலகையில்தான் விழும். வயரை ட்ரான்சத்தின் மேல்விளிம்பைத் தாண்டி உள்ளே எடுத்துக்கொள்ளலாம்.